பாவாயி நீட்டிய கை

சேந்தமங்கலம் கடைவீதியில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ராசாத்தியின் போன் வந்தது. பாவாயியின் தங்கை அவள். "டீச்சர், அக்காளுக்கு ஒடம்பு ரொம்ப முடியலீங்க. வண்டியில போட்டுக் கீழ கொண்டாரோம், நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு. நீங்க அடிவாரத்துக்கு வந்துருங்க" என்றாள். பின்னால் யாரோ ஒப்பாரி மாதிரி அழுதுகொண்டிருந்தார்கள். தக்காளியை அப்படியே கொட்டிவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் டீக்கடை வாசலில் நின்றேன். மேலேயிருந்து செம்மேட்டு பஸ் வந்தது. அன்னாசி ஏற்றிய லாரி வந்தது. பைக்கில் பையன்கள் கத்திக்கொண்டு வந்தார்கள். நான் எதிர்பார்த்த வண்டி மட்டும் வரவில்லை. திரும்பவும் போன் அடித்தது. "வேண்டாங்க டீச்சர். நீங்க மேல வந்துருங்க. வண்டியத் திருப்பிட்டோம்" என்றாள் ராசாத்தி. மலையிறங்கும் வளைவுகளில் ஏதோ ஒன்றில் பாவாயியின் மூச்சு நின்றுவிட்டது.

அடுத்த பஸ்ஸில் மேலே போனேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "அம்மன் கூட்டிக்கிச்சுங்க டீச்சர்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. பெண்பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளி மலரில் அச்சாகப் போகிறது இது. அம்மன் யாரையும் கூட்டிக்கொள்ளவில்லை ஐயா. கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி அவளைக் கொன்றது. நீங்கள் சுற்றி நின்று கும்பிட்டீர்கள்.

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் அவள் கையால் திருநீறு வாங்காதவர்கள் குறைவு. எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் அவள் கையால் சோறு வாங்காத பிள்ளை கிடையாது. இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதவேண்டும். அப்படி எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ எழுதுவதுபோல் இருந்தது. என்னைவிட இளையவள், என்னோடு ஒரே அடுப்படியில் டீ குடித்தவள். அவள் என்றே எழுதுகிறேன்.

பாவாயி எங்கள் பள்ளி விடுதியின் சமையல்காரி. நான் அறிவியல் டீச்சர். மிளகு பறிக்க, கொடி படர்ந்த மலைச்சவுக்கு மரத்தில் ஏறிய அவள் புருஷன் விழுந்து செத்த பிறகுதான் அவள் விடுதி வேலைக்கு வந்தாள். குழந்தை இல்லை. ஊர்க் கோயிலில் பொங்கல் வைக்கும்போது அவளை ஓரமாக நிற்கச் சொல்வார்கள் என்று ஒருமுறை சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டே, "தாலி அறுத்தவ மூச்சுக்காத்து பட்டா பொங்கல் பொங்காதாமுங்க. இங்க பிள்ளைகளுக்கு நான் வடிக்கிற சோறு மட்டும் நல்லாத்தான் பொங்குது" என்றாள். பின்னால் நடந்ததெல்லாம் அந்த ஓரத்திலிருந்து தொடங்கியது என்று நினைக்கிறேன்.

ஒரு மார்கழிக் காலை. நாங்களெல்லாம் சால்வையைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்கொண்டிருந்தோம். பாவாயி வேர்த்து ஊற்றிக்கொண்டு வந்தாள். போட்டிருந்த நீல ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் வைத்தாள். "நீங்க போட்டுக்குங்க டீச்சர். எனக்கு வேகுது." அடுப்படியில் கிடப்பவளுக்குச் சூடு என்று நானும் போட்டுக்கொண்டேன். அவளுக்குத் தொளதொளவென்று ஆகிவிட்ட ஸ்வெட்டர் எனக்குச் சரியாக இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சாப்பாடு ஒரு ஆளுக்கு மேல் சாப்பிட்டாள், உடம்போ வற்றிக்கொண்டே போனது. விடுதி அரிசியை இவள் ஒருத்தியே தின்று தீர்க்கிறாள் என்று வார்டன் முணுமுணுத்தார். உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் தூக்கம் வராது. எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள், மறு நிமிஷம் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கரண்டியில் சாம்பார் எடுத்தால் தட்டுக்குப் போவதற்குள் பாதி தரையில் சிந்தியது. "அக்கா, எனக்குத் தரையில ஊத்தாதீங்க, தட்டுல ஊத்துங்க" என்று பிள்ளைகள் கேலி பண்ணும். அவளும் சிரிப்பாள். கண் இரண்டும் பெரிசாகி, இமைக்காமல் வெறிப்பதுபோல் இருக்கும்.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில் மேளம் அடித்தபோது அவள் ஓரத்தில்தான் நின்றிருந்தாள். கூட்டமும் வெயிலும் சேர்ந்து உடம்பு உதறியிருக்கிறது. யாரோ "அம்மா வந்துட்டா!" என்று கத்தினார்கள். அந்த ஊரில் அதற்கு ஒரு சோதனை உண்டு, உங்களுக்குத் தெரியும். சாமி வந்தவளைக் கையை நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு கொழுந்து வெற்றிலையை வைப்பார்கள். இலை சும்மா கிடந்தால் சாமி இல்லை. அடித்துக்கொண்டு ஆடினால் பாசாங்கு. தானாக, பொடிப்பொடியாக நடுங்கினால்தான் அம்மன். பூசாரி சடையன், பாவாயியின் கணவனுக்கு அண்ணன்காரர், இலையை வைத்தார். இலை நடுங்கிக் கீழே விழுந்தது. ஓரமாக நில் என்று சொன்ன வாய்களெல்லாம் "தாயே" என்றன.

அதற்கப்புறம் அவள் நடந்து போனால் ஆண்கள் பீடியை மறைத்தார்கள். இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: அவளுக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடிக்கக்கூடாது? ஆனால் கிடைத்த வாக்கை அவள் வீணாக்கவில்லை. பெண்டாட்டியை அடித்த ஒருவனைக் கோயில் வாசலில் நிறுத்தி, கைநீட்ட மாட்டேன் என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். பாகம் தரமாட்டேன் என்ற ஓர் அண்ணனிடமிருந்து அவன் தங்கைக்கு மிளகுக்கொடி ஓடிய நிலத்தை வாங்கிக் கொடுத்தாள். "உனக்கு நெசமாவே சாமி வருதா பாவாயி?" என்று ஒருநாள் கேட்டேன். "ஏதோ ஒண்ணு வருதுங்க. பேர் தெரியல. வந்தா நாலு பேரு கேக்குறாங்க, போதும்" என்றாள்.

ஒருநாள் அடுப்படியிலேயே சரிந்து விழுந்தாள். நெஞ்சில் கை வைத்தேன், இதயம் ஓடுகிறது. ஓடிக் களைத்தவள் அல்ல, உட்கார்ந்திருந்தவள்; அவள் இதயம் அப்படி ஓடியது. வார்டனிடம் சண்டை போட்டு லீவு வாங்கி அவளை நாமக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தண்ணீரை விழுங்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களை விரிக்கச் சொல்லி, அதன்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று நடுங்கியது. பாவாயி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவளுக்கு அந்தக் கணத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று வந்தது. "உப்பு போதலீங்களா டாக்டர்? எங்கூர்ல கழுத்து வீங்கினா அயோடின் உப்பு தின்னச் சொல்வாங்க" என்றாள் பாவாயி. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "அது வேறம்மா. அயோடின் போதாமயும் கழுத்து வீங்கலாம். உங்களுக்கு இந்தச் சுரப்பி வேலை செய்யாம இல்லை, அளவு மீறிச் செய்யுது. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்றது அதுதான். உங்க உடம்பே தப்பா அதைத் தூண்டி விட்டுக்கிட்டே இருக்கு." பாவாயி கேட்டாள்: "சோறு வெந்த பொறவும் அடுப்புல வெறகத் தள்ளிக்கிட்டே இருக்குறாப்பலங்களா?" "அதேதான்." "அப்ப பானை தீஞ்சு போயிருமுங்களே." "தீஞ்சு போகும்மா. இதயந்தான் முதல்ல தீயும். விறகை வெளியே இழுக்கத்தான் மாத்திரை. நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்து, படபடப்பு ஏறி, புத்தி தடுமாறும். அப்படி வந்தா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது." கிளம்பும்போது, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்றார். "ஒரு தங்கச்சி இருக்குறாளுங்க, கல்லுக்குண்டாட்ட" என்று சிரித்தாள் பாவாயி.

மாத்திரை வேலை செய்தது. கன்னத்தில் சதை வைத்தது. தூங்கினாள். கரண்டி சிந்தவில்லை. அடுப்படியில் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "டாக்டரம்மா காயிதம் வெச்சாங்க, சடையண்ணன் எலை வெச்சாரு. ரெண்டு பேருக்கும் ஒரே கைதான் சாமி." சுரப்பி அடங்கிய பிறகு ஆபரேஷனோ வேறு மருந்தோ கொடுத்து ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை. "பொறவு பாத்துக்கலாமுங்க" என்றாள். அந்தப் பிறகு வரவேயில்லை.

அடுத்த சித்திரையில் மேளம் அடித்தார்கள். நானும் போயிருந்தேன். பாவாயி மஞ்சள் சேலை கட்டி நடுவில் நின்றாள். சடையன் இலையை வைத்தார். இலை அசையவில்லை. மேளக்காரர்கள் வேகமாக அடித்தார்கள், இலை விரலோடு ஒட்டியது மாதிரி கிடந்தது. கூட்டத்தில் முதலில் சிரித்தது, சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தானே, அவன்தான். "சாமி போயிருச்சுல்ல. இனி வாய மூடிக்கிட்டுப் போய்ச் சோறாக்கு" என்றான். அந்த வாரமே அவன் பெண்டாட்டி உதடு கிழிந்து வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்தாள். பாவாயி அவளுக்கு மஞ்சள் வைத்துவிட்டாள். அன்று என்னிடம் சொன்னாள்: "மாத்திரை போட்டா ஒடம்பு நிக்குதுங்க டீச்சர். என்ற பேச்சு ஊர்ல நிக்க மாட்டேங்குது."

வளர்மதியின் விஷயம் இந்த வருஷம் வந்தது. பத்தாம் வகுப்பு, என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. பரீட்சை முடிந்த கையோடு அவளை ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுக்க வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். கலெக்டர் ஆபீசுக்குச் சொல்லலாமே என்பீர்கள். இதற்கு முன்னால் ஒரு பெண்ணுக்குச் சொன்னேன். அதிகாரிகள் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள், வண்டி வளைவு தாண்டியதும் தாலியைக் கட்டி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வளர்மதியின் அப்பன் யாருக்கும் பயப்படமாட்டான், அம்மனைத் தவிர. அந்தப் பெண் அடுப்படிக்கு வந்து பாவாயியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாவாயி அவள் தலையைத் தடவிக்கொண்டே, "அழுவாத கண்ணு. அக்கா இருக்குறேன்" என்றாள்.

விடுமுறைக்கு முன்னால் ஒருநாள் மதியம் சாம்பார் தரையில் சிந்தியதைப் பார்த்தேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் போகும்வரை பொறுத்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரைய நிறுத்திட்டியா?"

"சத்தம் போடாதீங்க டீச்சர்."

"போடுவேன். உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க? சும்மா ஆடிட்டுப் போயேன், யாரு கண்டா!"

"சடையண்ணன் கண்டுக்குவாரு. வேணும்னு ஆட்டுற கை வேற, தானா நடுங்குற கை வேற. திருவிழா முடியட்டுமுங்க. மறுநாளே போட்டுக்குறேன்."

"செத்துப்போயிருவடி."

"அவளக் கட்டிக் குடுத்தா அவ மட்டும் பொழைக்கவா போறா? பதினஞ்சு வயசுப் புள்ளைங்க. என்ற பெரியம்மா மக ஒருத்தி இப்படித்தான் மொதப் பிரசவத்துல போனா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தப் புள்ளைக்காவ மட்டும்னு சொல்ல மாட்டேன். அந்த எலை ஒருக்கா நடுங்கிட்டாப் போதுமுங்க. அவஞ் சிரிச்சது காதுலயே நிக்குது."

திட்டினேன், கெஞ்சினேன், காலில் விழுகிறேன் என்றேன். என் கண்முன்னால் ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். விடுமுறைக்குச் சேந்தமங்கலம் வந்த பிறகும் தினம் போன் போட்டேன். "போட்டுட்டேனுங்க. நீங்க போயி நிம்மதியாத் தூங்குங்க" என்பாள். பொய். அவ்வளவும் பொய். இப்போது நினைத்தாலும் அவளை நாலு அறை அறையவேண்டும் போலிருக்கிறது.

திருவிழாவில் நடந்ததை ராசாத்தி எனக்குச் சொன்னாள். இலை வைத்த உடனே நடுங்கியது. பாவாயி வளர்மதியின் அப்பனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள். "இவ படிக்கட்டும். படிச்சு முடியறதுக்குள்ள இவ கழுத்துல மஞ்சக்கயிறு ஏறுச்சுன்னா, நான் இந்த எல்லையில இருக்க மாட்டேன்டா" என்றாள். அவன் அப்படியே தரையில் விழுந்தான். ஊர் சாட்சியாகக் கல்யாணத்தை நிறுத்துகிறேன் என்று சொன்னான். வேலை முடிந்தது. அத்தோடு உடம்பு அடங்கியிருக்கவேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடங்கவில்லை. தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீரின் ஈரத்தோடு நின்றதில் அவளுக்குச் சளி பிடித்திருந்ததோ என்னவோ, மறுநாள் காய்ச்சல் கொதித்தது. கை, கால், உடம்பு எல்லாம் உதறியது. கண் நிலைகுத்தி என்னென்னவோ பேசினாள். டாக்டரம்மா அன்று சொன்ன ஒவ்வொன்றும் வரிசையாக வந்திருக்கிறது. ஆனால் ஊர் என்ன செய்தது? அம்மன் இன்னும் மலையேறவில்லை என்றது. காய்ச்சலில் வேகிற உடம்பை மறுபடி கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மேளம் அடித்து, "மலையேறு தாயே" என்று கும்பிட்டது. ராசாத்தி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று கத்தியிருக்கிறாள். சாமி நிற்கும்போது ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்காதே என்று அவளை அதட்டியிருக்கிறார்கள். பாவாயி மயங்கி விழுந்ததும் மலையேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுச் சூடம் காட்டினார்களாம். அவள் எழுந்திருக்கவில்லை என்பது பொழுது நன்றாக விடிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. வண்டி தேடினார்கள். மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை நான். அங்கே நின்ற ஒருவருக்குக்கூட அவள்மேல் கெட்ட எண்ணம் கிடையாது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பிரியமாகவே கொன்றிருக்கிறோம். அவளும் தெரிந்தே நின்றிருக்கிறாள்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இரண்டு பொருள். ஒன்று அந்த நீல ஸ்வெட்டர். இன்னொன்று ஒரு பஸ் சீட்டு. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கருமாதிக்குப் போயிருந்தேன். யாரோடும் பேசவில்லை, சடையன் பக்கம் திரும்பக்கூட இல்லை. வளர்மதி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். படையல் போட்டு மேளம் அடித்தபோது, ராசாத்தி எழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கல்லுக்குண்டாக இருந்தவள் எப்போது இப்படி மெலிந்தாள் என்று அப்போதுதான் பார்க்கிறேன். உடம்பு உதறியது. "தங்கச்சி மேல எறங்கிட்டா!" என்று ஒருத்தி குலவை போட்டாள். சடையன் இலையோடு வந்தார். ராசாத்தி கையை நீட்டினாள். இலை பொடிப்பொடியாக நடுங்கிக் கீழே விழுந்தது. பெண்கள் கைகூப்பிக் குனிந்தார்கள்.

நான் எழுந்தேன். கத்தத்தான் எழுந்தேன். அதற்குள் சடையன் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது. குனிந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"டீச்சர், பாவாயி சொல்லுமே, ஒரு காயிதம்... அது வெச்சுப் பாப்பீங்களா?"

பையைத் துழாவினேன். காகிதம் எதுவும் அகப்படவில்லை. காலையில் வந்த பஸ்ஸின் சீட்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், "விரல விரிச்சுக்க சாமி, பயப்படாத" என்று ராசாத்தியிடம் சொல்லி, அவள் கைமேல் வைத்தேன். அத்தனை பேரும் கிட்டே வந்து பார்த்தார்கள். வளர்மதியின் அப்பனும் பார்த்தான்.

சீட்டு படபடவென்று நடுங்கியது. மேளம் இல்லாமலே நடுங்கியது.

 சடையன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ராசாத்தியின் தோளில் போர்த்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "வண்டிய எடுங்கடா" என்றார்.

இந்த முறை வண்டி அடிவாரம் வந்து சேர்ந்தது.